உடன் தேடியவர்

மெஷின்காரர் வீட்டில் தொலைக்கிறவர் ஒருவர், தேடிக் கொடுக்கிறவர் ஒருவர். இருபத்தாறு வருஷம் அந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மூக்குக் கண்ணாடி, பேனா, ஒற்றைச் செருப்பு, வண்டிச் சாவி என்று அவர் வஞ்சனையில்லாமல் தொலைப்பார். மனைவி அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து, "கடைசியா எங்க நின்னீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். பதிலைக் காதில்கூட வாங்காமல் நேராகப் போய் எடுத்து வந்துவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேடிக் கொடுக்கிறவர் போய்ச் சேர்ந்தார். தொலைக்கிறவர் மட்டும் மிச்சம்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளில் அவருடைய மோட்டார் சைக்கிள் சாவி எங்கோ விழுந்தது. அதைத் தேட ஆளில்லை. அதற்குப் பிறகு அவளுடைய சாவியில்தான் வண்டி ஓடியது. சிவப்பு நூல் சுற்றிய பழைய பாபின் ஒன்றை அவள் அதில் கோத்து வைத்திருந்தாள். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறு என்ன சாவிக்கொத்து வாய்க்கும்? ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் சாவியையும் காணவில்லை.

சட்டைப் பைகளை உதறினார். கட்டிலைத் தள்ளினார். நடு அறையில் நின்று, "கடைசியா எங்க நின்னே?" என்று தன்னையே சத்தமாகக் கேட்டும் பார்த்தார். கேட்ட குரல் சரியில்லை, அதனால் பதிலும் வரவில்லை. கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அந்தப் பெட்டி ஒரு பிள்ளை கனம் இருக்கும். நான்கு தையற்கடை போக வேண்டிய நாளில் ஒரு கடைதான் போக முடிந்தது.

சாயங்காலம் தெருமுனைப் பூட்டுக்காரரைத் தேடிப் போனார். ஒரு வருஷமாகத் தெருவில் யாரும் வண்டிச் சாவி வெட்டக் கூடாது என்று தடை. வண்டித் திருட்டை ஒழிப்பதற்காக 'வாகனச் சாவி மறுவழங்கல் அலுவலகம்' என்று மூன்று மாடியில் ஒன்று எழும்பியிருந்தது. பூட்டுக்காரர் தன் பட்டறையை மூடிவிட்டு அந்த அலுவலக வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொண்டிருந்தார்.

"சாவி வெட்டறது அஞ்சு நிமிஷ வேலைங்க. இவங்க ஃபாரம் எழுத நாலு நாள் ஆகும். எது தொழில்னு நீங்களே சொல்லுங்க" என்றார் பூட்டுக்காரர். ஆள் முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஆளுயரப் பித்தளைச் சாவி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. அந்தப் பெட்டியைத் துடைப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். ஆனால் வெளிப்பக்கம் மட்டும்தான் துடைத்தார், ஏனென்றால் பெட்டியின் சாவியைக் காணவில்லை. அது சம்பந்தமாக அலுவலகம் தனக்குத்தானே மனு கொடுத்திருந்தது. மனு பரிசீலனையில் இருந்தது.

முதல் கவுன்டரில் வருத்தக் கடிதம் கேட்டார்கள். சாவியைத் தொலைத்ததற்காக மனுதாரர் தன் கைப்பட ஒரு பக்கம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மெஷின்காரர் அங்கேயே நின்றபடி நாலு வரி எழுதிக் கொடுத்தார். கவுன்டர் அம்மா படித்துவிட்டு, "வருத்தம் பத்தலைங்க" என்று திருப்பித் தந்தாள்.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினார். சாவியில் ஆரம்பித்தார். சாவியிலிருந்து பாபின், பாபினிலிருந்து அதைக் கோத்த கை, கையிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் என்று பேனா தன்பாட்டுக்குப் போய்விட்டது. மூன்று பக்கம். எழுதி முடித்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. மறுநாள் கவுன்டர் அம்மா மூன்று பக்கத்தையும் எண்ணிப் பார்த்தாள்.

"இது அதிகம். ஒரு பக்கம்தான் வருத்தப்படலாம். மீதி ரெண்டையும் நீங்களே வெச்சுக்கோங்க."

அவர் மீதி இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கவுன்டரில் வண்டியின் அசல் பதிவுப் புத்தகம் கேட்டார்கள்.

"அது வண்டி சீட்டுக்கு அடியில இருக்கு சார்."

"சீட்டைத் திறந்து எடுத்துட்டு வாங்க."

"திறக்கச் சாவி வேணுமே."

"சாவிக்குத்தானே மனு போடறீங்க? மனுவோட புத்தகம் வைக்கணும். படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இதுகூடப் புரியலையா?"

வாசலிலிருந்த பூட்டுக்காரர் உள்ளே வந்து தலையிட்டுப் பேசினார். அதன் பிறகு வண்டியை அப்படியே ஒரு போட்டோ எடுத்து, சீட்டின் மேல் ஓர் அம்புக்குறி போட்டு, 'புத்தகம் இதனுள் இருப்பதாக நம்பப்படுகிறது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அப்படி ஒரு முத்திரையே செய்து வைத்திருந்தார்கள். தேய்ந்தும் போயிருந்தது.

மூன்றாவது மாடியில் தேடல் அதிகாரி இருந்தார். மெஷின்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அதிகாரி மனுவைக் கையில் எடுக்காமல் குனிந்து மோந்து பார்ப்பதைப் போலப் படித்தார்.

"ஜனங்க இதைச் சாவி கொடுக்கிற ஆபீஸ்னு நினைக்கிறாங்க. அது தப்பு. இது சாவி கொடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற ஆபீஸ். போன வருஷம் அவசரப்பட்டு ஒருத்தருக்குச் சாவி கொடுத்துட்டோம். அவர் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். அந்த ஃபைலை இன்னும் மூட முடியலை. வண்டி தொலையக் கூடாது, அதான் எங்க நோக்கம். ஓடாத வண்டி தொலையாது. இந்த ஆபீஸ் வந்த பிறகு திருட்டு எவ்வளவு குறைஞ்சிருக்கு தெரியுமா?"

"நல்ல விஷயம் சார்."

"இரண்டாவது சாவியை ஒப்படைக்கச் சொல்லியிருக்கே, எங்க?"

"இல்ல சார். ஒண்ணு முன்னாடியே தொலைஞ்சுது. இது என் மனைவியோடது. இதுவும் தொலைஞ்சுது."

"அது இருக்கட்டும். இது என்ன காலியா விட்டிருக்கீங்க?" அதிகாரியின் விரல் படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில் நின்றது. 'உடன் தேடியவர் கையொப்பம்.' "நீங்க தேடினேன்னு நீங்களே சொன்னா நாங்க எப்படி நம்பறது? கூட ஒரு ஆள் தேடியிருக்கணும். அதே வீட்டு ஆளா இருக்கணும். மனைவி கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"அவ இறந்துட்டா சார். ரெண்டு வருஷம் ஆச்சு."

அதிகாரி பேனாவை மூடவில்லை. "அப்போ அவங்க தேடலைன்னு எழுதிக்கட்டுமா?"

மெஷின்காரருக்கு அந்தக் கேள்வி எங்கே குத்தியது என்று சொல்லத் தெரியவில்லை. "எழுதிக்கோங்க" என்றார்.

"வேற யாரு இருக்கா வீட்டுல?"

"யாருமில்ல."

"அப்படின்னா தனியாக வசிப்பவர் சான்றிதழ் வேணும். சுலபம்தான். உங்களோட ஒரே வீட்டுல வசிக்கிற ரெண்டு பேர், நீங்க தனியாத்தான் இருக்கீங்கன்னு கையெழுத்துப் போட்டா போதும்."

மெஷின்காரர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்ன அறிகுறி எதுவும் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் தூர தேசத்திலிருந்து பேசினாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு, "போனை எடுத்துட்டு ஒவ்வொரு ரூமா காட்டுங்கப்பா, நானும் தேடறேன்" என்றாள். அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். நடு அறை, அலமாரி, கட்டில். கட்டிலருகே வந்ததும் மகளின் குரல் நின்றது.

"அம்மா தலகாணிக்கு இன்னும் அதே உறைதானாப்பா?"

"துவைச்சேன்மா. துவைச்சு அதையே போட்டேன்."

அத்துடன் இரண்டு பேருக்கும் தேடுகிற மனசு போய்விட்டது. மகள் தேடியதாகக் கடிதம் அனுப்பினாள். அதிகாரி ஏற்கவில்லை. தேடுகிறவர் உடம்பு வளைந்து குனிந்திருக்க வேண்டும் என்பது விதி, போனில் குனிய முடியாது. நாற்பது பேர் வேலை செய்யும் அவர்கள் அலுவலகத்தில் பித்தளைச் சாவிப் பெட்டியின் சாவியை நாற்பது பேரும் குனிந்து தேடினார்களாம். கையெழுத்துக்குக் கட்டம் ஒன்றுதான் இருந்ததால் யார் போடுவது என்ற தகராறில் அந்த மனு நின்று போயிருந்தது. நாற்பது பேர் ஒரு சாவியைத் தேடியதைக் கேட்டபோது மெஷின்காரருக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியில் அதிகாரியே வழி சொன்னார். ஆளில்லாதவர்களுக்கு அலுவலகம் ஓர் ஆளை அனுப்பும். பதவியின் பெயர் 'உடன்தேடுநர்'. மூன்று அமர்வு, வாரத்துக்கு ஒன்று, வியாழக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரை.

முதல் வியாழன் சரியாக இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிற வயசு, ஒல்லியான ஆள். முழங்காலில் உறை கட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் அட்டை போட்ட பட்டியலுமாக நின்றார்.

"பட்டியல்ல என்ன இடமெல்லாம் இருக்குன்னு உங்களுக்குக் காட்டக் கூடாதுங்க. தேடினதும் டிக் போடுவேன். சாவி கிடைச்சா அந்த நிமிஷமே ஃபைலை மூடிட்டுக் கிளம்பிடணும். கிடைக்கலைன்னா மூணு வாரமும் வருவேன். செருப்பை எங்க விடட்டும்?"

இரண்டு பேரும் குனிந்தார்கள். கதவிடுக்கு, செருப்பு அடுக்கு, பழைய பேப்பர் கட்டு. உடன்தேடுநர் குனிந்தபடியே பேசுகிறவர். தரையோடு தரையாகக் கேட்கும் பேச்சில் ஒரு சௌகரியம் இருக்கிறது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சோபாவுக்கு அடியிலிருந்து ஓர் ஊசி டப்பாவும் இரண்டு தலைமுடிக் கிளிப்பும் வந்தன.

"வீட்டம்மாவுதுங்களா?"

"ஆமா."

"தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார் உடன்தேடுநர். டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு லாட்ஜ் ரூம்ங்க. பத்துக்கு எட்டு. பத்தொம்போது வருஷமா இருக்கேன். ஒரு குண்டூசி விழுந்தாலும் கண்ணுல படும். தொலைக்கறதுக்கும் ஒரு வீடு வேணும் பாருங்க."

ஜன்னலோரம் மனைவியின் கால் மெஷின் இருந்தது. ஊர் மெஷினையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிறவர் இரண்டு வருஷமாகத் தொடாத மெஷின் அது ஒன்றுதான். அதன் முன்பக்கத்துச் சின்னப் பலகை உடைந்து, அங்கே கை நுழையும் அளவு சந்து இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் சாவியை அந்த மெஷின் மேல் வீசுவது அவருடைய பழைய வழக்கம்.

"இது திறக்குமாங்க?"

"தலையைச் சாய்க்கணும். நானே பாக்கறேன்."

தலையைப் பின்னால் சாய்த்தார். எண்ணெய் காணாத கீல் கிறீச்சென்றது. அடியிலிருந்த தகரத் தட்டில், தூசியும் நூல் பிசிறுமாக, சிவப்புப் பாபின். பக்கத்தில் சாவி.

மணி இரண்டு நாற்பது. உடன்தேடுநர் பின்னால் முட்டி போட்டபடி பேனாவோடு காத்திருந்தார். தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, மெஷின்காரர் இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருந்தார். அந்த இரண்டாவது டம்ளரைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தார். மெஷின் தலையை மெதுவாக இறக்கி வைத்தார்.

"இல்ல" என்றார்.

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

உடன்தேடுநர் டிக் போட்டார். நாலு மணிவரை தேடினார்கள், நாலே காலுக்குத்தான் கிளம்பினார்.

அவர் போனதும் மெஷின்காரர் மறுபடி மெஷின் தலையைச் சாய்த்தார். நாளைக்கே வண்டியை எடுக்கலாம், பெட்டியைச் சுமக்க வேண்டாம், பாதியில் விட்ட கடைகளுக்குப் போகலாம். எல்லாம் தெரியும். சாவியை எடுத்து நூலைத் தடவிப் பார்த்தார். நூல் பாதி அவிழ்ந்து தொங்கியது. அடுத்த வாரம் அந்த ஆள் மறுபடி மெஷினைத் திறந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் அதைக் கொண்டுபோய் சர்க்கரை டப்பாவில் புதைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் தன் சாவியைத் தானே திருடி ஒளித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை பெட்டியோடு பஸ் ஏறினார். தோள் வலித்தது, இருந்தாலும் வியாழனுக்கு இன்னும் ஆறு நாள் என்று கணக்குப் போட்டபோது அவ்வளவாக வலிக்கவில்லை.

இரண்டாம் வியாழன் படுக்கையறை. உடன்தேடுநர் மனைவியின் தலையணையைத் தூக்கவில்லை. அருகில் குனிந்து டார்ச் அடித்துவிட்டு, "இங்க இருக்காது" என்று டிக் போட்டார். பையில் மடிந்திருந்த இரண்டு பக்கத்தையும் மெஷின்காரர் அன்றைக்கு எடுத்துக் காட்டினார். உடன்தேடுநர் முட்டி போட்டபடியே படித்தார், மடித்துத் திருப்பித் தந்தார். "இதை வாங்கிக்க ஒரு கவுன்டர் இல்லாம போச்சே" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் வியாழன் அவர் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தபோது மெஷின்காரர் பின்னாலேயே ஓடினார். சமையலறையும் பட்டியலில் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. உடன்தேடுநர் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினார். மிளகாய்த் தூள், உப்பு, அரிசி. அடுத்தது சர்க்கரை. டப்பாவில் கை வைத்தவர் சட்டென்று நின்றார்.

"ஃபைல்ல இருக்கிற போட்டோவுல வண்டி நம்பரோட கடைசி எண் தெளிவா இல்லைங்க. கீழ போய்ப் பாத்துட்டு வந்துடறீங்களா?"

மெஷின்காரர் இரண்டு மாடி இறங்கினார். வண்டி தூசி மூடி ஒருக்களித்து நின்றது. நம்பரில் ஒரு குறையும் இல்லை, பளிச்சென்றுதான் இருந்தது. மேலே ஏறி வரும்போது எங்கோ ஒரு கீல் கிறீச்சென்றது. எண்ணெய் போட வேண்டிய சத்தம் என்று தொழில் புத்தியில் நினைத்துக்கொண்டார்.

சமையலறையில் சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது. "இதுலயும் இல்ல" என்று உடன்தேடுநர் டிக் போட்டார். அதிலிருந்தே இரண்டு கரண்டி எடுத்துத் தன் தேநீரில் போட்டுக் கலக்கினார். சாவி அடியில் அமுங்கியிருக்க வேண்டும், தப்பித்தோம் என்று மெஷின்காரர் மூச்சு விட்டார். ஆனால் தப்பித்த சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. இது மூன்றாவது அமர்வு. இதோடு சரி.

கதவருகே உடன்தேடுநர் முழங்கால் உறையை அவிழ்க்க வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"கிடைக்கலைன்னு எழுதிட்டேன். நாலாவது அமர்வுக்கு மனு போடலாம்ங்க. யாரும் போடறதில்ல, அதனால யாரும் மறுக்கறதும் இல்ல." வாசலைத் தாண்டியவர் திரும்பினார். "இன்னொண்ணு. டிக் போட்ட இடத்தை எந்த அதிகாரி வந்தாலும் மறுபடி திறக்க முடியாது. விதி பதினொண்ணு. ஞாபகம் வெச்சுக்கோங்க."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் மெஷின்காரர் சர்க்கரையைத் தட்டில் கொட்டினார். சாவி இல்லை. கையால் அளைந்தார். இல்லவே இல்லை. உப்பிலும் அரிசியிலும் தேடினார். நிஜமாகவே தொலைந்துவிட்டதென்று நினைத்தபோது சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அது அவளுடைய சாவி. விளையாட்டுக்கு ஒளித்து வைக்கப்போய்ப் பறிகொடுத்துவிட்டோமே என்று தன்னைத் தானே திட்டினார். கடைசியா எங்க நின்னோம், கடைசியா எங்க நின்னோம் என்று முணுமுணுத்தவருக்குப் படியேறும்போது கேட்ட கிறீச் ஞாபகத்துக்கு வந்தது. விதி பதினொன்றும் வந்தது.

எழுந்து போய் மெஷின் தலையைச் சாய்த்தார்.

தகரத் தட்டு சுத்தமாகத் துடைத்திருந்தது. நடுவில் சாவி இருந்தது. அவிழ்ந்து தொங்கிய சிவப்பு நூலை யாரோ பொறுமையாக, பிசிறில்லாமல் பாபினில் சுற்றி, முனையை உள்ளே செருகியிருந்தார்கள்.

மெஷின்காரர் அதைத் தொடவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கீலுக்கு இரண்டு சொட்டு விட்டுத் தலையை இறக்கி வைத்தார்.

மறுநாள் காலை பெட்டியோடு அலுவலக வாசலில் நின்றார். பூட்டுக்காரர் அவருடைய தோளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் எவ்வளவு நாளைக்குங்க இதைச் சுமப்பீங்க? யாருக்கும் தெரியாம ஒண்ணு வெட்டித் தரட்டுமா? அஞ்சே நிமிஷம்."

"அவசரமில்ல" என்றார் மெஷின்காரர். "நாலாவது அமர்வுக்கு ஃபாரம் ஒண்ணு கொடுங்க."

பூட்டுக்காரர் வாயைப் பிளந்தார். மேஜையின் அடியில் கையை விட்டுத் துழாவி, பழுப்பேறிய படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது மாடியில் அதிகாரியோ மனம் குளிர்ந்து போனார். கிடைக்கவில்லையே என்று கோபப்படாமல் மேலும் தேட விரும்பும் முதல் குடிமகன் நீங்கள்தான், உங்களைப் பற்றி ஆண்டறிக்கையில் ஒரு பத்தி எழுதப் போகிறேன் என்று எழுந்து நின்று கைகொடுத்தார்.

"ஒன்பதாவது கட்டத்தை மட்டும் நிரப்பிடுங்க. போன தடவை காலியா விட்டிருந்தீங்க."

மெஷின்காரர் பேனாவை வாங்கினார். உடன் தேடியவர் என்று போட்டிருந்த இடத்தில் யோசிக்காமல், நல்ல கையெழுத்தில் வியாழக்கிழமை வருகிறவரின் பெயரை எழுதினார்.